முன்காலில் நான்கு விரல்

எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. இது வயதால் வந்த கோளாறு என்று என் மருமகள் எல்லோரிடமும் சொல்லி வருகிறாள். அப்படி இல்லை. இருபத்தைந்து வயதிலேயே எனக்கு இது இருந்தது. கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்திலிருந்து நான் வேலை பார்த்த பள்ளிக்கூடம் ஆயிரத்து நூற்று நாற்பது காலடி. மழைக்காலத்தில் ஆயிரத்து முந்நூறு, குட்டையைச் சுற்றிப் போக வேண்டியிருக்கும். எண்ணிக்கொண்டே நடந்தால் மனம் கொஞ்சம் அடங்கும். அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு வாரப் பத்திரிகையில், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன ராட்சதத் தவளையினம் ஒன்றைப் பற்றி அரைப் பக்கக் கட்டுரை வந்தது. கூடவே ஒரு வண்ணப் படம். படத்தில் அதன் முன்காலில் ஐந்து விரல் போட்டிருந்தார்கள். நான்குதான் உண்டு என்று ஆசிரியருக்குக் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. இன்னொன்று எழுதினேன். அதற்கும் இல்லை. மூன்றாவது கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது, ஒரு விரலுக்காக இவ்வளவு தூரம் போக எனக்கு என்ன உரிமை என்று தோன்றிவிட்டது. அந்த விரல் விஷயத்தில் நான் நடந்துகொண்ட லட்சணம் எனக்குத்தானே தெரியும்.

எழுபதுகளின் தொடக்கம். நான் அந்த உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். தகுதிகாண் பருவம் முடியும் நிலையில் இருந்தது. மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்த்து 'திருப்தி' என்று ஒரு வார்த்தை எழுதினால் வேலை நிரந்தரம். எழுதாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். எனக்குப் பெண் பார்த்து வைத்திருந்தார்கள். பெண்ணின் தகப்பனார் நல்லவர். "பர்மனெண்ட் ஆகட்டும், முகூர்த்தம் பார்த்துவிடலாம்" என்று பதினோரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம்தான் ஊரைச் சுற்றித் தொழிற்பேட்டைக்கு நிலம் அளந்தார்கள். வயல் வரப்பிலும் சவுக்குத் தோப்பிலும் வெள்ளை பூசிய மரமுளைகளை அடித்துவிட்டுப் போனார்கள். பள்ளிக்கு வரும் வழியில் காலையில் நாற்பத்தாறு முளை எண்ணியிருப்பேன். மாலையில் முப்பத்தொன்பது இருக்கும். மீதி ஏழும் யார் வீட்டு அடுப்பில் எரிந்தன என்று அரசாங்கத்துக்குக் கடைசிவரை தெரியவில்லை. இந்த மாதிரி நடவடிக்கைகளைத் தடுக்கவும், மக்களுக்குத் தொழில் வளர்ச்சி பற்றிய நல்லெண்ணத்தை உண்டாக்கவும் தாலுகாவிலுள்ள பள்ளிகள் பொருட்காட்சி நடத்த வேண்டும் என்று ஓர் ஆணை வந்தது. பார்வையிட மெட்ராஸிலிருந்து பெரிய விருந்தினர் ஒருவர் வருவார் என்றும் அதில் இருந்தது.

தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர், ஆனால் பக்கத்துப் பள்ளிக்கூடம் என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றைப் பிடித்துக்கொள்வார்.

"பொன்னேரிப் பள்ளிக்கூடத்துல அனல்மின் நிலையம் செய்யறாங்களாம் சார். குழாய்லேர்ந்து நிஜமாவே புகை வருதாம். நாம என்ன செய்யறோம்?"

"மனிதக் கண் செய்யலாம்னு இருக்கேன், சார். வெட்டுத் தோற்றம். ஏழு பாகம்."

"கண்ணா? அவ்வளவு பெரிய மனுஷர் மெட்ராஸ்லேர்ந்து கார் போட்டுக்கிட்டு வந்து கண்ணைப் பார்த்துட்டுப் போவாரா? பெரிசா வேணும் சார். பெரிசா."

நூலகத்தின் ஒரே கலைக்களஞ்சியத்தில் இருந்த ஒரே கனத்த தொகுதியை எடுத்து, தூசி தட்டி, சோதிடம் பார்ப்பதுபோல நடுவில் பிரித்தார். பிரித்த இடத்தில்தான் அது இருந்தது.

மாஸ்டோடொன்சாரஸ் என்று பெயர். 'சாரஸ்' என்றால் பல்லி, ஆனால் இது பல்லி அல்ல. தவளைக்கும் தேரைக்கும் தூரத்துப் பெரியப்பா. நீரிலும் நிலத்திலும் வாழ்ந்தது. இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன்பே அழிந்துவிட்டது. உடம்பு முதலையைப் போல, தலை முறத்தைப் போலத் தட்டை. தலை மட்டுமே ஓர் ஆசிரியர் மேஜை அகலம். கீழ்த்தாடையில் இரண்டு கோரைப்பற்கள். அவை மிக நீளம் என்பதால் வாயை மூடும்போது மேல் மண்டையில் இரண்டு துளை வழியாக வெளியே எட்டிப் பார்க்கும். மண்டையோட்டுப் படத்தில் துளைகளை எண்ணினேன். கண்ணுக்கு இரண்டு, மூக்குக்கு இரண்டு, பல்லுக்கு இரண்டு, உச்சியில் ஒன்று. ஆக ஏழு.

"நம்ம நாட்டுல கிடைச்சிருக்கா?" என்றார் தலைமையாசிரியர்.

"இது இல்லை சார். இதோட சொந்தக்காரங்க எலும்பு கோதாவரிக் கரைப் பாறையில கிடைச்சிருக்கு."

"கோதாவரின்னா ஆந்திரா. ஆந்திரான்னா ஆரம்பாக்கத்துக்கு அடுத்த ஸ்டேஷன். அப்போ நம்ம ஊர் மிருகம்தான் சார் இது!" அப்போதே பலகைக்கு வாசகமும் சொல்லிவிட்டார்: 'அன்று இது. இன்று தொழிற்பேட்டை.' 'அன்று' என்றால் நேற்று என்று யாராவது எடுத்துக்கொள்ளும் அபாயத்தை நான் எடுத்துச் சொன்னேன். அவர் காதில் விழவில்லை.

உருவம் செய்ய ஆரம்பாக்கத்திலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். கோயில் கோபுரத்தில் சுதை பொம்மை வைப்பவர். எல்லைச்சாமிக்குக் குதிரை, கங்கையம்மனுக்குச் சிங்கம் என்று தடா வரை அவர் கைவேலை நிற்கிறது. முப்பத்தைந்து வயதிருக்கும். வாயில் எப்போதும் வெற்றிலை. எல்லோரும் மேஸ்திரி என்றே கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். கலைக்களஞ்சியத்தை விரித்துக் காட்டினேன்.

"இது எந்த ஊரு சாமி சாரே?"

"சாமி இல்லை மேஸ்திரி. மிருகம். தவளை ஜாதி."

"இத்தினி பல்லோடயா? தவளைன்னா தவளை மாரி இருக்கணும் நைனா. இது இன்னா, பேய்க்குப் பொறந்தா மாரி கீது." உச்சியில் இருந்த ஏழாவது துளையில் விரலை வைத்தார். "இங்க இன்னா?"

"வெளிச்சத்தை உணர அங்கே ஒரு சின்ன உறுப்பு இருந்திருக்கும்னு சொல்றாங்க. கண் மாதிரி."

"மூணாவது கண்ணு!" வெற்றிலையைத் துப்பிவிட்டுப் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "சாமி இல்லேன்ற. அப்புறம் நெத்திக்கண்ணுன்ற."

பள்ளி மைதானத்தில், கொடிக்கம்பத்துக்கும் குடிநீர்த் தொட்டிக்கும் நடுவில் வேலை தொடங்கியது. சவுக்குக் கழியில் எலும்பு, வைக்கோல் பிரியில் தசை, கோழிக்கூண்டு வலையில் தோல், மேலே சுண்ணாம்பும் சிமெண்டும். ஆறே நாளில் பதினெட்டு அடி நீளத்துக்கு அது எழுந்து படுத்துக்கொண்டது. கோரைப்பல் இரண்டையும் அவர் மிகவும் ரசித்துச் செய்தார். ஏழாம் நாள் காலுக்கு வந்தார். அங்கேதான் தகராறு.

"சாரே, உன் படத்துல ஒரு தப்பு கீது. பின்னங்கால்ல அஞ்சு விரலு, முன்னங்கால்ல நாலுதான் போட்டுக்கிறான். ஒண்ணு ஒடிஞ்சி போச்சா?"

"ஒடியலை. அதுக்கு நாலுதான். முன்னால நாலு நாலு எட்டு, பின்னால அஞ்சு அஞ்சு பத்து. மொத்தம் பதினெட்டு."

"நாலு வெக்க முடியாது."

"ஏன்?"

"பின்னம் சாரே அது. கொறை இருக்கற உருவத்த செய்யக் கூடாது."

நான் வாக்குவாதம் செய்யவில்லை, நிரூபித்தேன். ஆய்வகப் பானையிலிருந்து உயிருள்ள தவளை ஒன்றை எடுத்துவந்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். இருவரும் குந்தி உட்கார்ந்து எண்ணினோம். முன்னால் நான்கு, பின்னால் ஐந்து. அவர் மறுபடி எண்ணினார். மூன்றாம் முறையும் எண்ணினார்.

"அட ஆமா சாரே! பொறந்ததுலேர்ந்து தவளையப் பாக்கறேன். எண்ணணும்னு தோணவே இல்லியே."

"அப்போ நாலு வெச்சிடலாம்?"

தவளையைக் கீழே விட்டார். அது தொட்டிப் பக்கம் தாவிப் போவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இது அவன் செஞ்சது. அவன் நாலும் வெப்பான், நாப்பதும் வெப்பான். அவனை யாரு கேக்கறது? அது நான் செய்றது சாரே. ஊட்ல மாசமா கீறா."

பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். முதல் இரண்டும் தங்கவில்லை. இது மூன்றாவது, ஒன்பதாம் மாதம். மனைவி கர்ப்பமாக இருக்கும்போது உருவம் செய்கிறவன் எதையும் உடைக்கக் கூடாது, குறை வைத்து எதையும் செய்யக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். கையில் எது குறைகிறதோ அது வயிற்றிலும் குறையும். இந்த ஒன்பது மாதமாக அவர் ஒரு தேங்காய்கூட உடைக்கவில்லை. பூசணிக்காயைப் பக்கத்து வீட்டுக்காரர்தான் வெட்டித் தருகிறார்.

நான் படித்தவன் அல்லவா? கருவில் விரல் இரண்டாம் மாதமே பிரிந்துவிடும் என்று விளக்கினேன். கரும்பலகை இல்லாததால் மண்ணில் குச்சியால் வரைந்துகூடக் காட்டினேன். "உங்க வீட்டுல விரல் எல்லாம் எப்பவோ வளர்ந்து முடிஞ்சிருச்சு மேஸ்திரி. இனிமே கூடவும் கூடாது, குறையவும் குறையாது."

"நீ உள்ள போயி எண்ணிட்டு வந்தியா?"

குச்சியைக் கீழே போட்டுவிட்டேன்.

வழக்கு தலைமையாசிரியரிடம் போனது. அவர் இரு தரப்பையும் கேட்டார். "ஒரு கால்ல ஒரு விரல் அதிகம், அவ்வளவுதானே? இருந்துட்டுப் போகட்டும் சார். சர்க்கார்ல குறைஞ்சாத்தான் கேள்வி. கூடினா எவனும் கேட்க மாட்டான்." முன்கால் இரண்டிலும் ஐந்தைந்து விரல் வந்தது. நான் ஒவ்வொரு இடைவேளையிலும் போய் எண்ணினேன். இருபது. ஒவ்வொரு முறையும் இருபது.

பொருட்காட்சிக்கு இரண்டு நாள் முன்பு அலுவலக எழுத்தர் ஒரு செய்தி கொண்டுவந்தார். வரப்போகும் அதிகாரி விலங்கியல் படித்தவர். முதல் வகுப்பு. சட்டைப் பையில் பூதக்கண்ணாடி வைத்திருப்பாராம். போன பள்ளியில் கரப்பான் பூச்சியின் மீசையைத் தப்பாக வரைந்த ஆசிரியருக்குச் சம்பள உயர்வை நிறுத்தினாராம். என் கோப்பு அவர் கையில்தான் இருந்தது.

விழா அன்று காலை ஏழு மணிக்கே நான் பள்ளியில் இருந்தேன். தச்சு வகுப்பிலிருந்து உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டேன். சிமெண்டு முழுக்க இறுகியிருக்கவில்லை. ஒரு சங்கடம், ஐந்தில் எது அதிகப்படி விரல் என்று கலைக்களஞ்சியம் சொல்லவில்லை. நெடுநேரம் யோசித்து, வெளிப்பக்கச் சுண்டுவிரலுக்கே தண்டனை விதித்தேன். வலக்காலில் நான்கு தட்டு, இடக்காலில் மூன்று. விரல்கள் இரண்டும் சேதமில்லாமல் கையோடு வந்தன. அவற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பை தொங்கியது. ஆனால் மனம், பல நாளைக்குப் பிறகு, பதினெட்டு என்று சொல்லி அமைதியடைந்தது.

திரும்பினால் மேஸ்திரி நிற்கிறார். கண் எழுதுவதற்காகத் தூரிகையோடு வந்திருந்தார். உருவத்தில் கண் எழுதுவது கடைசி வேலை. அதற்குத் தலை முழுகிவிட்டு வருவார்கள். அவர் முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னா சாரே இது?"

நான் உளியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். மூன்றாம் வகுப்புப் பையன்கூட அதைவிட நன்றாக மறைத்திருப்பான்.

"ஒடச்சிட்டியா?" கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. அந்தப் பாதத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். "ராத்திரியே அவளை பொன்னேரி ஆஸ்பத்திரில சேத்துட்டேன். இன்னிக்கோ நாளைக்கோன்றாங்க. கண்ணு எழுதிட்டு ஓடிடலாம்னு மொத ரயிலைப் புடிச்சி வரேன்."

"மேஸ்திரி, இது வெறும் மூடநம்பிக்கை. நான்தானே உடைச்சேன். நீங்க இல்லையே."

"செஞ்சவன் நான்தானே? நீ படிச்சவன். உனக்கு வேலை பர்மனெண்ட் ஆவணும். அதுக்கு என் புள்ள வெரலுதான் கெடச்சுதா?"

நான் இரண்டாம் மாதக் கணக்கை மறுபடி ஆரம்பித்தேன். அவர் தூரிகையைத் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டார். "பின்னமானதுக்குக் கண்ணு தொறக்க மாட்டேன்" என்றார். ரயில் பத்தேமுக்காலுக்குத்தான் என்பதால் தொட்டி ஓரமாகப் போய் உட்கார்ந்தார். கடைசியில் கண்ணுக்குத் தலைமையாசிரியர் ஒரு மேஜைப் பந்தை இரண்டாக அறுத்து ஒட்டினார். மிருகம் அதிர்ச்சியடைந்ததுபோல ஆகிவிட்டது.

ஒன்பது நாற்பதுக்கு அதிகாரியின் ஜீப் வந்தது. குட்டையான, சுத்தமான மனிதர். நாற்காலிகளைப் பார்த்தார், கழிவறையைப் பார்த்தார், வருகைப் பதிவேட்டைப் பார்த்தார். பிறகு மிருகத்திடம் வந்தார். வாலிலிருந்து தொடங்கி மெதுவாக நடந்து வந்தார். முன்காலருகே நின்றார். குனிந்தார். பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். எழுத்தர் பொய் சொல்லவில்லை.

"ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு."

என் வாழ்க்கையில் இன்னொரு மனிதர் தாமாக எண்ணுவதை அன்றுதான் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அஞ்சாவது எங்கே?" என்றார்.

"சார், இந்த இனத்துக்கு முன்கால்ல நாலுதான், சார்."

"யார் சொன்னது?"

கலைக்களஞ்சியத்தைக் காட்டினேன். அதை வாங்காமலே சொன்னார்: "மிஸ்டர், நிலத்தில் நடக்கிற முதுகெலும்பிகள் எல்லாத்துக்கும் அடிப்படை ஐவிரல் அமைப்பு. பறவை, வௌவால், திமிங்கலம், மனுஷன், எதுவா இருந்தாலும் அஞ்சு. யூனிவர்சிட்டி பரீட்சையில அந்தக் கேள்விக்கு நான் முழு மார்க். இந்தப் புஸ்தகம் வெளிநாட்டில் அடிச்சது. அச்சுப்பிழை இருக்கும்."

"சார், சாதாரணத் தவளைக்கே..." ஓடிப்போய்ப் பானையிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினேன்.

அதையும் பூதக்கண்ணாடியில் பார்த்தார். எண்ணினார். தலைமையாசிரியர் பக்கம் திரும்பினார். "இதுக்கும் உடைஞ்சிருக்கு. உங்க லேபுல ஜந்துக்களை வெச்சுக்கிற லட்சணம் இதுதானா?"

தலைமையாசிரியர் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை.

அதிகாரி மறுபடி குனிந்து, உளி பட்ட இடத்தைத் தடவினார். விரல் நுனியில் ஈரச் சிமெண்டுத் தூள். "புது வெட்டு! உடைச்சுட்டு எனக்கே விலங்கியல் சொல்றீங்களா? அது என்ன சட்டைப் பையில?"

எடுத்துக் காட்டினேன். இரண்டு விரல். ஒன்று என் பேனா மையில் நீலமாகியிருந்தது.

"பதினோரு மணிக்கு விருந்தினர் வர்றார். அதுக்குள்ள இது ரெண்டும் இருந்த இடத்தில் இருக்கணும். சர்க்கார் பொருளைக் காப்பாத்தத் தெரியாதவரைப் பத்தி நான் கோப்பில் என்ன எழுத முடியும், சொல்லுங்க."

இந்த இடத்தில், உண்மைக்காக வேலையை உதறினேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். உதறவில்லை. விரல்களை எடுத்துக்கொண்டு நேராக மேஸ்திரியிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவருக்குச் சந்தோஷமாக இருக்கும், உடனே ஒட்டித் தருவார் என்று நினைத்தேன்.

"ஒட்டக் கூடாது சாரே. ஒடஞ்சது ஒடஞ்சதுதான். மொத்தத்தையும் தூக்கிக்கினு போயி ஆரணி ஆத்துல வுடணும். அப்புறம் புதுசா செய்யணும்."

"பதினெட்டு அடியையுமா? பதினோரு மணிக்குள்ளயா?"

"அது உன் பேஜாரு."

நானே சிமெண்டைக் குழைத்தேன். மேஸ்திரி எழுந்து வந்து, உதவ மாட்டேன் என்ற உறுதியோடு பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தார். "தண்ணி ஜாஸ்தி. கூழா காச்சற? அய்ய, எடதுல வலதை வெச்சிக்கீற பாரு. மாத்து, மாத்து. நகம் மேல வரணும் நைனா." பத்தரைக்கு ரயிலுக்குப் போகும்போது ஒரு முறை திரும்பிப் பார்த்தார். "அழுத்திப் புடி" என்றார். கோபமா, வேண்டுகோளா, தெரியவில்லை.

வலது விரல் ஒருவாறு பிடித்துக்கொண்டது. இடது விரல், கையை எடுத்தால் கழன்றது. விருந்தினரின் கார் வாயிலில் நுழைந்தபோது நான் மிருகத்தின் பாதத்தருகே குந்தி, இரண்டு கைகளாலும் அந்த விரலைப் பொத்திக்கொண்டிருந்தேன். எழுந்தால் விழும். விழுந்தால் என் கோப்பும் விழும். ஆகவே எழவில்லை. தலைமையாசிரியர் கண்ணாலேயே கெஞ்சினார். அசையவில்லை.

விருந்தினர் வந்து, அறிவியல் ஆசிரியர் ஒருவர் மிருகத்தின் காலைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்திருப்பதைப் பார்த்தார். ஒரு கணம் யோசித்தார். பிறகு செருப்பைக் கழற்றினார். தனக்குப் போட்ட மாலையைக் கழற்றி மிருகத்தின் கோரைப்பல்லில் மாட்டினார். அவர் மாட்டியதால் அவரோடு வந்தவர்களும் மாட்டினார்கள். ஊர்ப் பெண்கள் அதற்காகவே காத்திருந்தவர்கள் போல உச்சித் துளையில் குங்குமம் வைத்தார்கள். யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். அதிகாரி கன்னத்தில் போட்டுக்கொண்டதை நான் கீழேயிருந்து பார்த்தேன்.

விருந்தினரின் பேச்சு இருபத்து மூன்று நிமிடம். பலகையைப் படித்துவிட்டுத்தான் பேசினார். இந்தப் பகுதி விவசாயிகள் இத்தனை காலமாக இப்படிப்பட்ட மிருகங்களுக்கு நடுவில் பயிர் செய்து வந்திருக்கிறார்கள் என்று அறிந்து தாம் கண்ணீர் விட்டதாகவும், தொழிற்பேட்டை வந்தபின் ஒன்றுகூட மிஞ்சாது என்று தாம் உறுதியளிப்பதாகவும் சொன்னார். பலத்த கைதட்டல். என்னால் தட்ட முடியவில்லை.

எல்லாம் முடிந்து ஜீப்பில் ஏறும்போது அதிகாரி என்னைக் கூப்பிட்டார். "பொறுப்பு உணர்ந்துட்டீங்க. பரவாயில்லை. 'திருப்தி'ன்னு எழுதிட்டேன். கல்யாணம் நிச்சயமாயிருக்குன்னு ஹெட்மாஸ்டர் சொன்னார். பத்திரிகை அனுப்புங்க." நான் நன்றி சொன்னேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. மணி பன்னிரண்டரை.

சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. முழங்கால் வலித்தது. விரலிடுக்கில் சிமெண்டு காய்ந்து இழுத்தது. இரண்டாம் மாதம், இரண்டாம் மாதம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாடப்புத்தகத்தில் பக்க எண்கூட நினைவிருந்தது. அப்படியும் கால் தானாக ரயில் நிலையத்துக்கு நடந்தது. அன்று வழியில் எத்தனை காலடி என்று நான் எண்ணவில்லை.

பொன்னேரி ஆஸ்பத்திரி வராந்தாவில் மேஸ்திரி சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"என்ன மேஸ்திரி, ஆச்சா?"

"ஆச்சி. பொட்டப்புள்ள. ஒரு மணி நேரம் ஆவுது. அவளுக்கு ஒண்ணும் இல்ல, தூங்கிக்கினு கீறா."

"பார்த்தீங்களா?"

"மூஞ்சிய காட்னாங்க. மீதி துணியில சுத்திக்கீது." வார்டு வாசலைக் காட்டினார். "பிரிச்சிப் பாக்க தைரியம் வரல சாரே. ஆயாவக் கேக்கவும் பயமா கீது. வாசல் வரிக்கும் போறேன், திரும்பி வந்துடறேன்." பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். "நீதான் எல்லாத்தையும் எண்ணுவியே. போயி எண்ணு."

பெண்கள் வார்டில் எனக்கு என்ன வேலை என்று ஆயா தடுத்தார். ஏதோ உளறி உள்ளே போனேன். கட்டிலில் அந்தப் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பழைய புடவைத் துணிக்குள் அது கிடந்தது. என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை இருக்கும், அவ்வளவுதான். துணியை விலக்கினேன். கால் இரண்டும் சுலபமாக இருந்தன. ஐந்து, ஐந்து. வலது கை விரிந்திருந்தது. ஐந்து. இடது கை மூடியிருந்தது. முஷ்டிக்கு வெளியே மூன்று கணுதான் தெரிந்தது. மீதி உள்ளே. பிரிக்கப் பார்த்தேன், விடவில்லை. அவ்வளவு சிறிய கைக்கு அவ்வளவு பலம் எப்படி வந்ததோ. நான் இடது விரலைத்தானே கடைசிவரை பொத்திக்கொண்டிருந்தேன், அது சரியாகவே ஒட்டவில்லையே என்று, விலங்கியல் படித்த நான், அந்தக் கட்டிலருகே நின்று நினைத்தேன். நினைத்தேன் என்பதை இந்த வயதில் மறைத்து என்ன பயன்.

புறங்கையைத் தடவிக் கொடுத்தேன். மெல்ல ஊதினேன். கை திறந்தது.

இருபது. மறுபடி எண்ணினேன். இருபது. நான்காம் முறை எண்ணும்போது ஆயா வந்துவிட்டார். "இன்னாய்யா, புள்ளயா பாக்க வந்தியா, வெண்டக்கா பொறுக்க வந்தியா? போ வெளியே!"

வாசலில் மேஸ்திரி. "எவ்ளோ?"

"இருபது."

"நல்லா எண்ணினியா?"

"நாலு தடவை."

அவர் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்துத் துண்டை எடுத்துவிட்டு, "நீ மறுபடி ஒட்டினியே சாரே, அதான் தப்பிச்சது" என்றார்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை மேஸ்திரி. இரண்டாம் மாதமே..."

"ஒட்டக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன். நீ கேக்காம ஒட்டின. படிச்சவன் படிச்சவன்தான்."

இதற்கு மேல் விலங்கியலைக் காப்பாற்ற எனக்குத் தெம்பு இல்லை. அவர் எழுந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். ஆயா மறுபுறம் திரும்பியிருந்த சமயமாகப் பார்த்து என்னை இழுத்துக்கொண்டு உள்ளே போனார். கட்டிலருகே போனதும் குழந்தையின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணைக் கீழே இறக்கவில்லை.

"இன்னொரு வாட்டி எண்ணு சாரே. சத்தமா. நானும் கூட எண்ணறேன்."

துணியை விலக்கினேன். இடது கையிலிருந்து ஆரம்பித்தோம்.